வெட்டி நட்ட கிளை

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஆஷிக்கின் போட்டோ லேபில் கோகிலவாணி பதினான்கு வருடமாகக் கலர் கரெக்‌ஷன் பார்க்கிறாள். கல்யாண ஆல்பம், பிறந்தநாள் பேனர், பள்ளிக்கூட குரூப் போட்டோ, எதுவானாலும் அவள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் பிரிண்டுக்குப் போகும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஷிக் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான்.

“உன் லைன் வேலை வந்திருக்கு கோகிலா. பறவைப் படப் போட்டி நடத்தியிருக்காங்க. ஜெயிச்சது மொத்தம் இருபத்திரண்டு. எல்லாம் பெரிய சைஸ். தாதர்ல எக்ஸிபிஷன் வைக்கிறாங்களாம். நல்லாப் பண்ணிக் குடு.”

அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. கல்யாணப் பெண்களின் முகத்தை வெளுப்பாக்கி வெளுப்பாக்கிச் சலித்துப் போயிருந்தவள். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள். பூநாரைக் கூட்டம், பறந்துகொண்டே தவளையைக் கவ்வும் பருந்து, மழையில் நனைந்த புள்ளி ஆந்தை. ‘இயற்கைக் கிளையில் பறவை’ என்று தனியாக ஒரு பிரிவு. அதில் முதல் பரிசுப் படத்தைத் திறந்ததும் மவுஸில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பறவையை அவள் அப்புறம்தான் பார்த்தாள். முதலில் கண்டுகொண்டது கிளையை. முழங்கை மாதிரி மடங்கிய பட்ட அலையாத்திக் கிளை. மடிப்புக்குக் கீழே மோதிரம் போட்டுக் கழற்றிய விரலில் தெரிவதுபோல ஒரு பள்ளம். மீன்பிடி வலையின் பச்சை நைலான் அங்கே வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது. படத்தில் நைலான் இல்லை. பள்ளம் மட்டும் இருந்தது.

அதன்மேல் கருந்தலை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கறுத்த தலை, வெள்ளைக் கழுத்துப் பட்டை, ஊதா கலந்த நீல முதுகு, ரத்தச் சிவப்பில் அலகு. அலகில் ஒரு சின்ன வெள்ளை மீன். பின்னணியில் ஒரு குச்சிகூடக் குறுக்கே இல்லை. பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருந்தது.

படத்துக்குக் கீழே பெயர் இருந்தது: பத்மஜா வெங்கடேஸ்வரன், மாட்டுங்கா.

கோகிலவாணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கிளையை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐரோலியில் கழிமுகத்தை ஒட்டிய மண் கரையில் அரை மணி நேரம் நடந்து, ஒரு உடைந்த மதகைத் தாண்டிச் சேற்றில் இறங்கினால் அந்தப் பட்ட மரம். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கல்யாண போட்டோகிராபர் கழித்துக்கட்டிய கேமராவையும் ஒரு முன்னூறு எம்.எம். லென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சயானில் ரயிலேறி, தானே ஸ்டேஷனில் வண்டி மாறி அங்கே போய்க்கொண்டிருந்தாள். தாராவியில் ஒரே அறையில் குடியிருப்பவளுக்கு அந்த வெட்டவெளி தேவையாக இருந்தது. ஒரு நாள் தூரத்தில் நீலமாக ஏதோ பறந்து அந்தக் கிளையில் போய் உட்கார்ந்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்ததும் போய்விட்டது. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். பதினோரு ஞாயிறு சேற்றில் அசையாமல் நின்றிருக்கிறாள். பன்னிரண்டாவது ஞாயிறு அது அவளைப் பார்த்தும் பறக்கவில்லை. ஒரு நண்டைப் பிடித்து வந்து கிளையில் அடித்து, நிதானமாகத் தின்றது. அவள் எடுத்த படத்தில் குறுக்கே இரண்டு குச்சிகள், வெளிச்சமும் எதிர்ப்பக்கம். இருந்தாலும் அதை அவள் நூறு தடவை பார்த்திருப்பாள்.

பத்மஜா அந்த வருடம்தான் பழக்கமானாள். லேபுக்குப் படம் பிரிண்ட் போட வந்தவள். இன்சூரன்ஸ் ஆபீசில் பெரிய வேலை, விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்கியிருந்தாள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முதலில் ‘மேடம்’ என்று கூப்பிட்ட கோகிலவாணியைத் திட்டி ‘அக்கா’ என்று கூப்பிட வைத்தாள். அதற்குப் பிறகு ரயில் கிடையாது. விடியும் முன்னே சயான் சர்க்கிளில் பத்மஜாவின் கார் வந்து நிற்கும். பிளாஸ்கில் காபி, டப்பாவில் தயிர்சாதம். கோகிலவாணியின் புருஷன் சுடலைக்கண்ணன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு நாளும் கஞ்சி கொண்டுவந்தவள் பத்மஜா. வார்டு வராந்தாவில் அவள் தோளில் சாய்ந்து கோகிலவாணி அழுதிருக்கிறாள். அந்தக் கிளையைக் காட்டாமல் எப்படி இருப்பாள்? கார் போய்க்கொண்டிருக்கும்போதே பதினோரு ஞாயிற்றுக் கதையையும் சொன்னாள்.

“யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா. கூட்டம் வந்தா அது போயிரும்.”

“எனக்குத் தெரியாதா? நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.”

இந்த டிசம்பரில் லேபில் கல்யாண வேலை குவிந்துவிட்டது. ஞாயிறும் கடை. போகமுடியாமல் தவித்தபோது பத்மஜாதான் போனில் சமாதானம் சொன்னாள். “நீ இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ணப் போறேன்? எனக்கும் முழங்கால் வலி. சீசன் முடியட்டும், சேர்ந்தே போலாம்.”

படத்தோடு கூட ஒரு குறிப்பும் இருந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் கோகிலவாணி படிப்பாள். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பதினோரு ஞாயிற்றுக்கிழமை சேற்றில் அசையாமல் நின்றேன் என்று இருந்தது. பன்னிரண்டாவது ஞாயிறு அது என்னைப் பார்த்தும் பறக்கவில்லை என்று இருந்தது.

இரண்டாவது தடவை அவள் படிக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். தொழில் தெரிந்த கண் அவளுடையது. அலகில் இருந்த மீன் கழிமுகத்து மீன் இல்லை. லேப் கவுண்டரில் ஆஷிக் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியில் அதே வெள்ளை மாலி மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. வெட்டாத முழுப் படத்தையும் போட்டி நடத்தியவர்கள் அனுப்பியிருந்தார்கள். அதன் இடது ஓரத்தில், அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு நீல வளைவு. தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிளாஸ்டிக் டப்பின் விளிம்பு அது.

அந்த வாரம் முழுவதும் அவள் அந்த ஒரு படத்தைத் தொடாமல் மற்றப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணன் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவன், சாதாரணமாகவே அதிகம் கேட்காதவன். சனிக்கிழமை அவனாகவே கேட்டான்.

“என்ன நடந்துச்சு? சோத்தையும் திங்க மாட்டேங்க.”

சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, “நாளைக்கு நானும் வாரேன்” என்றான். அத்தனை வருடத்தில் அவன் பறவை பார்க்க வந்ததே கிடையாது.

உடைந்த மதகுக்கு அந்தப் பக்கம் போகும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், நான்கு முக்காலிகள், அவற்றின்மேல் மறைப்புத் துணி போட்ட லென்ஸ்கள். பட்ட மரம் இருந்தது. அதன் கிளை இருந்த இடத்தில் ரம்பம் போட்ட வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது. கிளை முப்பதடி தள்ளி, வெயில் நேராக விழும் இடத்தில், மூங்கிலோடு கம்பி போட்டுக் கட்டி நட்டிருந்தது. அடியில் நீல டப். இரண்டு பக்கமும் புல்லை வைத்து மறைத்திருந்தார்கள்.

ஆட்களைக் கூட்டி வருபவன் அல்தாப் என்றொரு இளவயசுக்காரன். பக்கத்துக் கிராமத்தில் படகு வைத்திருப்பவன். கோகிலவாணியின் கழுத்தில் கேமராவைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து வந்தான். இந்தியில்தான் பேசினான். மேடமும் எடுக்கலாம், ஒரு பாட்ச் முடியட்டும் என்றான்.

“இந்த இடத்தை யார் காட்டினது?” என்று அவளும் இந்தியில் கேட்டாள்.

“மாட்டுங்கா பத்மஜா மேடம். கிறிஸ்துமஸ் லீவில் முதல் தடவை வந்தாங்க. கிளையை நான்தான் அறுத்தேன். எங்கே நடணும், வெயில் எந்தப் பக்கம்னு எல்லாம் மேடமே நின்னு காட்டினாங்க. அதுல சுத்தியிருந்த வலையைப் பிய்க்கத்தான் பாதி நாள் ஆச்சு.” அவன் பெருமையாகச் சொன்னான். மறைப்பதற்கு அதில் ஏதோ இருக்கிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

மீன்கொத்தி வந்தது. அறுபதடியில் அவள் மூச்சுவிட்டாலே பறந்துபோகிற பறவை, இன்றைக்குப் பதினைந்தடியில் நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து டப்புக்குள் பார்த்தது. குதித்தது. வெள்ளை மீனோடு கிளைக்கு ஏறியது. நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்தன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நல்லாப் பழகிடுச்சு,” என்றான் அல்தாப். “போன வாரம் நாய் ஒண்ணு பாய்ஞ்சுது. மயிரிழையில் தப்பிச்சது.”

கோகிலவாணி கேமராவைத் திறக்கவே இல்லை. சுடலைக்கண்ணன் மட்டும் தன் போனை எடுத்து, அறுத்த மரத்தையும் மூங்கிலையும் டப்பையும் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து நேராக மாட்டுங்காவுக்கு வந்தார்கள். அவன் கீழே டீக்கடையில் நின்றுகொண்டான். அவள் மட்டும் மாடியேறினாள். கதவைத் திறந்த பத்மஜா அவள் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“உள்ளே வா.”

“இங்கனயே நிக்கேன்க்கா. எதுக்கு இப்படிப் பண்ணுனீய?”

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன் கோகிலா...”

“முழங்கால் வலின்னு சொன்னீய.”

பத்மஜா சோபாவில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “பறவைக்கு என்ன கெடுதல் ஆச்சு, சொல்லு. சாப்பாடுதானே போட்டோம்? எல்லாரும் பண்றதுதான். பெரிய பெரிய படமெல்லாம் எப்படி எடுக்கறான்னு நினைச்சே?”

“அப்போ அந்தப் பிரிவுல எதுக்குக்கா குடுத்தீய? வெட்டுன கிளை கூடாது, எரை போடக் கூடாதுன்னு போட்டிருக்கே.”

பத்மஜா கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“கிளைய விடுங்க. நான் காருல வச்சு உங்ககிட்ட சொன்னத அப்படியே எழுதி வச்சிருக்கீயளே. அது நான் நின்னதுல்லா? என் காலுல்லா வலிச்சுது?”

பத்மஜாவின் முகம் சிவந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “எழுதணும்னு உக்காந்தேன். எனக்குன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. அரை நாள்ல எடுத்த படம். என்னன்னு எழுதுவேன்? நீ அந்த ஓட்டை லென்ஸை வச்சிண்டு ஒரு படம் காட்டுவே, எல்லாரும் ஆஹான்னுவா. நான் இவ்ளோ பெரிய லென்ஸைத் தூக்கிண்டு மூணு வருஷமா அலையறேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கு அது தெரியாது.”

கோகிலவாணிக்கு அது தெரியாதுதான். பக்கத்தில் உட்கார்ந்து காபியைப் பங்குபோட்டுக் குடித்தவள் மனசுக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைத்தபோது, படத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது.

“நீங்களே எழுதிச் சொல்லிருங்க. பரிசு வேண்டாம்னு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

“புதன்கிழமைக்குள்ள எழுதிடறேன். சத்தியமா. நீ ஒண்ணும் பண்ணிடாதே, கோகிலா.” பத்மஜா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

படியிறங்கி வந்தவளிடம் சுடலைக்கண்ணன் என்னாச்சு என்று கேட்டான். “சொல்லிருவாங்க. அழுதாங்க” என்றாள். அவள் அப்போதும் நம்பினாள்.

புதன் போனது. வியாழக்கிழமை மதியம் ஆஷிக் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

“போட்டிக்காரங்க போன் பண்ணினாங்க. நம்ம லேப்ல இருக்கிற ஒரு பொம்பளை, ஜெயிச்சவங்க படத்தைத் தோண்டிப் பார்த்துட்டு வீட்டுக்கே போய் மிரட்டினாளாம். பொறாமையில படத்துல கை வச்சிருப்பாளோன்னு சந்தேகமாம். வேலையை வேற லேபுக்கு மாத்தப் போறாங்களாம். க்யா ஹுவா, என்னாச்சு கோகிலா? பதினாலு வருஷத்துல உன்மேல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்லையே.”

“யாரு சொன்னாவன்னு கேட்டீங்களா?”

“அந்த பத்மஜா மேடம்தான். உன் ஃப்ரெண்டுதானே அவங்க?”

அவள் நின்ற இடத்திலேயே நடந்ததை எல்லாம் சொன்னாள். ஆஷிக் முழுவதும் கேட்டுக்கொண்டான். “நான் உன்னை நம்பறேன்ப்பா” என்றான். ஆனால் அந்தப் பென் டிரைவை அவள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினான். “கொஞ்ச நாளைக்கு நீ ஆல்பம் மட்டும் பாரு. அவங்க கேட்டா நான் பதில் சொல்லணும்ல?” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். அதில் அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பழியைச் சுமந்து சீட்டுக்குத் திரும்பி நடந்த அந்தப் பத்தடி தூரம் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

லேபில் இருந்த படத்தை அவள் நகல் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. பார்ட்டியின் படத்தை வெளியே கொண்டுபோவது அந்தத் தொழிலில் செய்யவே கூடாத காரியம். அன்று சாயங்காலம் வீட்டில் தன் சொந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தாள். மூன்று பனிக்காலத்துப் படங்கள், தேதியோடு. மரத்தோடு ஒட்டிய கிளை, பச்சை நைலானோடு. ஏழு படம் எடுத்து, சுடலைக்கண்ணன் போனில் எடுத்த அறுத்த மரத்தையும் டப்பையும் சேர்த்து, போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பினாள். இங்கிலீஷில் நான்கே வரி எழுதினாள். அதை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

இரண்டு நாள் கழித்து வந்தனா என்று ஒரு பெண் போன் செய்தாள். போட்டியின் பொறுப்பாளர். தாதரில் அவர்கள் ஆபீசுக்கு வரமுடியுமா என்று கேட்டாள். கோகிலவாணி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

வந்தனா எல்லாப் படத்தையும் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். “கிளை ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா பத்மஜாஜி இது வேற இடம்னு சொல்றாங்க. உங்க இடத்துக்கு அவங்க வந்ததே இல்லையாம். உங்களைத் தெரியுமான்னு கேட்டேன். லேப்ல வேலை செய்யறவங்க, பிரிண்ட் கொடுக்கும்போது பார்த்திருக்கேன், அவ்வளவுதான்னாங்க.”

“என்னைத் தெரியாதுன்னா சொன்னாங்க?” என்றாள் கோகிலவாணி இந்தியில். ஆஸ்பத்திரி வராந்தா அவள் கண்முன் வந்தது. கிளையை அறுத்தது, கதையைத் திருடியது, லேபில் மாட்டிவிட்டது, எல்லாவற்றையும் ஏதாவது காரணம் சொல்லி மனசு எங்கேயோ ஒரு மூலையில் மன்னிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை மன்னிக்க மட்டும் அந்த மனசில் ஒரு மூலையும் மிச்சமில்லை.

அவள் தன் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடி வந்தனாவிடம் நீட்டினாள். முதல் பனிக்காலத்தில் எடுத்தது. பத்மஜா சேற்றில் முழங்கால்வரை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அந்த மரம், அந்தக் கிளை, அந்தப் பச்சை நைலான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பறவை என்ன, கொக்குக் கூட்டமே பறந்துபோனது. இதைச் சாட்சிக்குக் காட்டவேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

வந்தனா படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “போதும்,” என்றாள்.

எக்ஸிபிஷனில் இருபத்தொரு படம்தான் மாட்டினார்கள். விதிமுறை காரணமாக அந்தப் பிரிவில் பரிசு இல்லை என்று ஒரு வரி அறிவிப்பு. யார் பெயரும் அதில் இல்லை. வேலை ஆஷிக்கிடமே வந்தது. அவன் பென் டிரைவை அவள் மேஜையில் வைத்து, “மாஃப் கர், மன்னிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போனான். வந்தனாவின் ஆட்கள் ஐரோலிக்குப் போய் டப்பையும் மூங்கிலையும் எடுத்தார்கள். அல்தாப்புக்கு ஒன்றும் புரியவில்லையாம். மேடம் சொல்லித்தானே செய்தேன் என்று கேட்டானாம். மீன்கொத்தி நான்கைந்து நாள் வெறும் தரையில் டப் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. பனிக்காலத்துக்கு வந்த பறவை வடக்கே கிளம்பும் காலம்தான். நாயிடம் சிக்காமல் கிளம்பிப் போயிருக்கும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். நிச்சயமாகத் தெரியாது.

பத்மஜாவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது. ‘உன்னால நான் வெளில தலைகாட்ட முடியலை. நான் உனக்கு என்ன குறை வச்சேன்?’ கோகிலவாணி அதை இரண்டு மூன்று தடவை படித்தாள். பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். கடைசியில் நம்பரை அழிக்கவும் மனம் வரவில்லை, பதில் போடவும் மனம் வரவில்லை.

மார்ச் கடைசியில் சீத்தா கேம்பில் இருக்கும் நாத்தனார் முத்துமாரி வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் சந்து முனையில் தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் புள்ளி ஆந்தை ஒன்று தலையை நீட்டிப் பார்த்தது. அதன் அடியில் இன்னும் இரண்டு சின்னத் தலைகள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கோகிலவாணி கேமராவைத் தூக்கினாள். இரண்டு படம் எடுத்திருப்பாள். தெருவில் போன ஒரு கல்லூரிப் பெண், கழுத்தில் புதுக் கேமராவோடு, ஆசையாகப் பக்கத்தில் வந்து நின்று இந்தியில் கேட்டாள்.

“ஆன்ட்டி, அங்கே என்ன இருக்கு?”

கோகிலவாணி கேமராவை இறக்கி மூடியைப் போட்டாள்.

“ஒண்ணுமில்லை,” என்றாள். “சும்மா இலையைத்தான் எடுத்தேன்.”

அந்தப் பெண் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சுடலைக்கண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாவம், ஆசையாக் கேட்டுச்சு. காட்டிருக்கலாம்லா?”

“காட்டிருக்கலாம்,” என்றாள் கோகிலவாணி. சொல்லிவிட்டு, அந்தப் பெண் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.